தாழ்ப்பாள் யார் உயரத்துக்கு?

போன வாரம் வரை அந்த வீட்டின் பின்பக்கத்தில் ஒரு கூட்டம் கோழிகள் இருந்தன. இப்போது இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் யார் பேச்சையும் கேட்பதில்லை.

அந்தக் கோழிக்கு வீட்டில் டீச்சரம்மா என்று பெயர். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொரு மூலையாக நின்று பார்த்து, ஏதோ தப்பைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடுத்த மூலைக்குப் போகும். கூட்டாளிகள் எல்லாம் போன அன்றிலிருந்து டீச்சரம்மா எந்தப் பெட்டிக்குள்ளும் காலெடுத்து வைப்பதில்லை. ராத்திரி தூங்குவது ஸ்கூட்டர் சீட்டில். காலையில் அந்த சீட்டைத் துடைக்கும் பாக்கியம் அலமாரிக்காரருக்கு வாய்த்திருந்தது.

அலமாரிக்காரர் என்றால் அந்தத் தெருவில் குழந்தைக்கும் தெரியும். பக்கத்துத் தெருக்களில் பாதி வீடுகளின் படுக்கையறையில் அவர் கை வேலைதான் நிற்கிறது. கதவைத் தொட்டால் போதும், சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். இழுப்பறை ஒற்றை விரலுக்கு வரும். ஆனால் அவர் செய்த எந்தச் சாமானும் கூரைக்கு வெளியே ஒரு மழையைக்கூடப் பார்த்ததில்லை. மகள் கோழி வளர்க்கப்போகிறேன் என்று வந்து நின்றபோது, அவர் ஆசை ஆசையாகச் செய்துகொடுத்தது கோழிக்கூடு என்று பெயர் வைத்த ஓர் அலமாரி. நல்ல பிளைவுட், வெளியே பாலிஷ், உள்ளே சந்தன நிறத்தில் மைக்கா, கதவுக்குக் காந்தம். அவர் மனைவி சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உள்ள ஹேங்கர் மாட்ட ஒரு கம்பிதான் குறை" என்று சொன்னாள்.

மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்த வாரத்தில்தான் அது நடந்தது. விடிந்து பார்த்தால் கூட்டின் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே இறகுகள்தான் மிச்சம். டீச்சரம்மா மட்டும் ஸ்கூட்டர் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தது.

"நான்தான் கதவைச் சரியா சாத்தல" என்றாள் மகள். யாரும் அதை மறுக்கவில்லை. திறந்து கிடந்த கதவை எல்லோரும்தானே பார்த்தார்கள்! அலமாரிக்காரர் அவள் தோளைத் தட்டி, "விடும்மா, மறதி யாருக்கும் வர்றதுதானே" என்றார். அப்படிச் சொன்ன தன் பெருந்தன்மை அவருக்கே கொஞ்சம் பிடித்திருந்தது.

மகள் விடவில்லை. வேலை பார்த்த பேக்கிங் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று பெட்டியோடு வீட்டுக்கு வந்தவள் அவள். கோழியும் முட்டையும்தான் அவளை மறுபடி எழுந்து நடமாட வைத்திருந்தன. இப்போது அதுவும் போச்சு. தூரத்து நகரத்தில் இருக்கும் சித்தி, பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் மேற்பார்வையாளர் வேலை பார்த்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ரயில்.

"கோழியைக் காப்பாத்தத் தெரியலன்னு ஹாஸ்டல் பொண்ணுங்களைக் காப்பாத்தப் போறாளாம்" என்று அவள் அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் குஞ்சுப் பண்ணைக்காரர் இளங்கோழிகளைக் கொண்டுவந்து இறக்குவதாக ஏற்பாடு. அதை நிறுத்த முடியாது, எப்போதோ சொல்லி வைத்தது. வருகிற கோழிகளை அம்மா பார்த்துக்கொள்வாள் என்று முடிவாகியிருந்தது. அதற்குள் புதுக் கூடு வேண்டும். இந்தத் தடவை ஆள் உள்ளே போய்வரும் உயரத்தில், ஓர் அறை மாதிரி.

அலமாரிக்காரருக்கு மகள் போவதில் துளியும் இஷ்டமில்லை. அவள் வந்த பிறகுதான் வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு கலகலப்பு வந்திருந்தது. மனைவிக்குப் பேச ஓர் ஆள், அவருக்குச் சண்டை போட ஓர் ஆள். போகாதே என்று சொல்லலாம்தான். ஆனால் எதைக் காட்டி இரு என்பது?

அன்று வியாழக்கிழமை. சீட்டைத் துடைத்து முடித்துவிட்டு அவர் அளவெடுக்க ஆரம்பித்தார். மகள் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாழ்ப்பாளை எந்த உயரத்துல வைக்கணும்?"

"அம்மா உயரத்துக்கு வைங்கப்பா. அம்மாதானே தினமும் திறந்து மூடப்போறா" என்றாள் மகள், டேப்பைப் பார்த்துக்கொண்டே.

அம்மா குள்ளம். சமையலறை மேல்தட்டில் எது எடுக்கவும் ஸ்டூல் போட வேண்டும். மகள் அப்பா வழி. குளியலறை நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொள்ளும் உயரம். இரண்டு பேருக்கும் ஒரே தாழ்ப்பாள் என்றால் யாராவது ஒருத்தருக்குக் கஷ்டம்தான். அலமாரிக்காரர் மனைவியைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தி, அவள் தோள் உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

"பள்ளிக்கூடத்துல சேர்க்கப்போறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

மகள் குளிக்கப் போனதும் அவர் பழைய கூட்டைப் பிரிக்க உட்கார்ந்தார். அது மதிலை ஒட்டி அப்படியே நின்றிருந்தது. அந்தக் காலைக்குப் பிறகு யாரும் அதன் பக்கம் போகவில்லை. துணி காயப்போடும்போதுகூட மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கீல்கள் நல்ல பித்தளை. அவையாவது உதவட்டும் என்று நினைத்து, கூட்டை மதிலிலிருந்து நகர்த்தினார்.

பின்பக்கம் திரும்பியதும் அவர் கை நின்றுவிட்டது.

அடிப்பலகை தண்ணீரில் ஊறி, உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போனது. மூலையில் ஓர் ஓட்டை, கை நுழையும் அகலத்துக்கு. விளிம்பெல்லாம் பல் தடம். மரச் சிராயில் சாம்பல் நிற முடி கொஞ்சம் சிக்கியிருந்தது. மதிலுக்கும் கூட்டுக்கும் நடுவே இருந்த சந்தில் இறகுகள் அப்பிக் கிடந்தன. எலி ஆரம்பித்து வைத்ததைக் கீரி முடித்து வைத்திருக்கிறது.

அப்படியானால் கதவு?

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். காந்தம் 'டக்' என்று பிடித்தது. ஓட்டை வழியாகக் கையை விட்டு உள்ளேயிருந்து ஒரு தள்ளு தள்ளினார். கதவு திறந்துகொண்டது. எவ்வளவு லேசாகத் திறந்தது! ஒற்றை விரலுக்குத் திறக்க வேண்டும் என்று அவரே பார்த்துப் பார்த்து வைத்த காந்தம் அது.

கீரி பின்னால் நுழைந்திருக்கிறது. கோழிகள் மிரண்டு முன்பக்கம் மோதியிருக்கின்றன. கதவு திறந்திருக்கிறது. மகள் கதவைச் சாத்தத்தான் செய்தாள்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். 'மறதி யாருக்கும் வர்றதுதானே' என்ற குரல் அவருடைய குரலாகவே காதில் கேட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமாக ஒரு வீட்டிலிருந்தும் ஒரு குறை வந்ததில்லை; வந்த முதல் குறை சொந்த வீட்டில், அதையும் மகள் தலையில் ஏற்றிவிட்டு அவளையே மன்னித்திருக்கிறார்.

"ஏங்க, காபி ஆறுது!"

அவர் சட்டென்று ரம்பத்தை எடுத்தார். ஓட்டையோடு அந்த மூலையை அறுத்துத் துணிப்பையில் போட்டார். காட்டுவதற்கா, வழியில் எங்காவது வீசுவதற்கா என்று அவருக்கே தெரியாது.

காபி குடித்ததும் மகளை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் கடைக்குக் கிளம்பினார். பை மகளின் மடியில் இருந்தது.

"என்னப்பா இது, கனமா இருக்கு?"

"மாதிரிக்கு ஒரு துண்டு பலகை."

தெரு முனையில் பெரிய குப்பைத் தொட்டி இருந்தது. அதன் பக்கத்தில் வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. 'நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாமப் போனா என்ன?' என்று மனசுக்குள் பலகையோடு ஒரு பேச்சு நடந்தது. அதற்குள் பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. அவர் வண்டியை முறுக்கினார்.

கடை அவருடைய மச்சினனுடையது. மனைவியின் கடைசித் தம்பி. ஆணியிலிருந்து அண்டா வரை கிடைக்கும் கடை. அவன் வாய்க்குள் இருக்கும் சரக்கு அதைவிட அதிகம். உள்ளே ஒரு பெயிண்டர் தூரிகையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்க அத்தான்! வாம்மா மருமகளே! கோழிக்கூடுதானே? அக்கா போன்லயே சொல்லிட்டா. இதோ, ரெடிமேடு பிளாஸ்டிக் கூடு. மழைக்கு அசையாது, கரையான் கிட்ட வராது."

"வெயில்ல காய்ஞ்சா?"

மச்சினன் தலையைச் சொறிந்தான். "ரெண்டு கோடை தாங்கும் அத்தான். அப்புறம் அப்பளம் மாதிரி உடையும். உங்ககிட்ட பொய் சொல்வேனா?"

"வேற ஆளா இருந்தா சொல்லியிருப்ப."

"வேற ஆள்னா கேட்டிருக்கவே மாட்டாங்களே!"

வழக்கமாக இந்தக் கடைக்கு வந்தால் அலமாரிக்காரர் நேரே பலகை அடுக்கியிருக்கும் பக்கம் போய்விடுவார். அன்று அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சட்டத்துக்குத் துளை போட்ட இரும்பு ஆங்கிள் இருக்கிறதா என்று கேட்டார். சுவருக்கு சிமெண்டு பலகை கேட்டார். மச்சினன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"அத்தான், உடம்பு சரியில்லையா? நீங்களா மரம் வேண்டாம்கிறது?"

மகளும் அவரைத்தான் பார்த்தாள். "என்னப்பா, மரத்து மேல என்ன கோபம்?"

"மரம் ஊறும்" என்றார் அவர்.

மச்சினன் வலைச் சுருள்களை இழுத்துப்போட்டான். அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழி வலை ஒன்று. சின்னச் சின்னச் சதுரமாகக் கம்பியைப் பற்றவைத்த வெல்டு மெஷ் ஒன்று. மகள் இரண்டையும் பார்த்துக்கொண்டு பட்டும் படாமலும் நின்றாள்.

"எதுவா இருந்தா என்னப்பா. கதவைச் சாத்தத் தெரியாதவ இருக்கிற வீட்டுல இரும்புக்கோட்டையே கட்டினாலும் பிரயோஜனமில்ல."

"அதுக்கும் நம்மகிட்ட சரக்கு இருக்கு!" மச்சினன் உற்சாகமாகிவிட்டான். கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு தாழ்ப்பாளை எடுத்து மேசையில் போட்டான். "ஸ்பிரிங் வச்சது. தானா வந்து மாட்டிக்கும். மறதிக்காரங்களுக்குன்னே செஞ்ச ஐட்டம். மருமகளே, உனக்கு ஸ்பெஷலா எடுத்து வச்சேன்."

பெயிண்டர் சிரித்தார். மச்சினன் சிரித்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, சொந்தக்காரக் கேலிதான். மகளும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. முகம் சுண்டிப்போய் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அலமாரிக்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பையைப் பிடுங்கி, அந்தப் பலகைத் துண்டைத் தாழ்ப்பாளின் பக்கத்தில் வைத்தார்.

"கதவு இல்ல மாப்ள" என்றார். "பலகை. என் பலகை."

மச்சினன் துண்டைத் திருப்பிப் பார்த்தான். பெயிண்டர் எட்டிப் பார்த்து, "அட, இது ரூமுக்குள்ள வைக்கிற பலகையாச்சே" என்றார்.

"ஆமாங்க. எனக்கு வேற பலகை தெரியாது."

மகள் திரும்பி வந்தாள். ஓட்டையின் விளிம்பைத் தொட்டாள். ஒட்டியிருந்த முடியை நகத்தால் பிரித்தெடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"பின்னால. மதில் பக்கம். கூட்டை நகர்த்தாம தெரியாது."

"அப்ப கதவு எப்படித் திறந்துச்சு?"

"நீ சாத்தினதுதான். பின்னால கீரி வந்ததும் எல்லாம் முன்னால போய் முட்டியிருக்கு. நான் வச்ச காந்தம் ஒரு தள்ளுக்குத் திறக்கிற காந்தம்." அவர் மேசையில் கிடந்த தாழ்ப்பாளைத் தள்ளி வைத்தார். "அது திறந்ததாலதான் டீச்சரம்மா தப்பிச்சிருக்கு."

"எப்ப பார்த்தீங்க?"

"காலையில. காபிக்கு முன்னால."

"காபிக்கு முன்னால பார்த்துட்டு, இவ்வளவு நேரம் என் மடியிலேயே வச்சிருந்தீங்களா?"

குப்பைத் தொட்டி விஷயத்தை அவள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. வாய் ஓயாத மச்சினனே குனிந்து தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவள் அழுவாள் என்று நினைத்தார். கத்துவாள் என்று நினைத்தார். இரண்டும் நடந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் பலகைத் துண்டைப் பையில் போட்டு, பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, வலைச் சுருள்களின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, இந்தக் கோழி வலை எதுக்கு ஆகும்?"

"கோழி வெளிய போகாம இருக்க."

"வெளியே இருக்கிறது உள்ளே வராம இருக்க?"

"அதுக்கு ஆகாதும்மா. கீரி கடிச்சு இழுத்தா பிஞ்சிடும். கண்ணும் பெருசு, எலி நடந்தே உள்ளே போகும்."

அவள் அதை ஒதுக்கினாள். வெல்டு மெஷ்ஷின் சதுரத்துக்குள் விரலை விட்டாள். சுண்டுவிரல்தான் போனது. கம்பியை வளைத்துப் பார்த்தாள். பிறகு கம்பியும் கம்பியும் சேரும் இடத்தைக் காட்டினாள். "இந்த மூட்டெல்லாம் ஏன் கறுப்பா இருக்கு?"

மச்சினனுக்கு முதல் தடவையாக வியாபாரம் கஷ்டமாகத் தெரிந்தது. "அது முதல்ல கம்பிக்குப் பூச்சு குடுத்துட்டு அப்புறம் பத்தவச்சது. பத்தவச்ச இடத்துல பூச்சு எரிஞ்சிருக்கும்."

"மழை பட்டா அங்கதான் துரு ஏறும், இல்ல? பத்தவச்ச பிறகு பூச்சு குடுத்தது இருக்கா?"

"குடோன்ல இருக்கு."

"எடுத்துட்டு வாங்க."

அலமாரிக்காரர் வாயைத் திறந்தார். "அது போதும்மா, நான் மேல பெயிண்டு..."

"நீங்க சொன்னா போதாதுப்பா. இந்தத் தடவை நான் பார்த்துதான் எடுப்பேன்."

அது வலித்தது. ஆனால் நியாயமான வலி என்பதால் அவர் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு அவள் ஒவ்வொன்றாகக் கேள்வி போட்டுத் துளைத்தாள். கூரைக்கு எது? சிமெண்டு ஷீட் கனம், விரிசல் விட்டால் ஒழுகும். நிறப்பூச்சுத் தகடு எடுத்தால் துருவுக்குப் பயமில்லை, வெயிலில் கொதிக்குமே? கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடம் விட்டு அங்கேயும் வலை போட்டால் சூடு வெளியே போகும். தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளி விழுவதற்குக் கூரையை நீட்டிவிட வேண்டும். வலையை எதால் பிடிப்பது? ஆணி வேண்டாம், கீரி இழுத்தால் கழன்றுவிடும். அகல வாஷர் வைத்து போல்ட்டு முறுக்குவது. அடியில் தோண்டி வந்தால்? தரைக்கு அடியில் வலையைப் பரப்பி மேலே செங்கல். வெளிப்பக்கமும் ஒரு முழம் நீட்டி மண்ணைப் போட்டு மூடினால், தோண்டுகிற பிராணி வலையில் முட்டித் திரும்பிவிடும்.

"மண்டபம் கட்டுறாப்ல இருக்கே" என்றான் மச்சினன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

கடைசியில் கோழிகள் ராத்திரி ஏறி உட்காரும் கட்டை. அதையும் இரும்புக் குழாயில் போட்டுவிடலாம் என்றாள் மகள்.

"அது மட்டும் மரமா இருக்கட்டும்மா" அலமாரிக்காரர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். "குளிருக்கு இரும்பு ஜில்லுனு இருக்கும். காலுக்குப் பிடிமானம் வேணும். ஓரத்தை உருட்டிக் குடுக்கிறேன்."

அவள் யோசித்தாள். "மர இடுக்குல பேனும் உண்ணியும் குடியேறும்."

"ஆணி அறையவே மாட்டேன். கொக்கியில மாட்டுற மாதிரி செய்யறேன். வாரம் ஒரு தடவை கழட்டிக் கழுவி வெயில்ல போடலாம். சந்தே இருக்காது. இழைச்சுக் குடுத்தா எறும்பு வழுக்கி விழும்."

"சரி. அது மட்டும்."

அவருக்குப் பெரிய வேலை ஒன்று கிடைத்த மாதிரி இருந்தது. கடைசியாக மகள் மேசையில் கிடந்த ஸ்பிரிங் தாழ்ப்பாளை எடுத்துப் பலமுறை அழுத்திப் பார்த்தாள். விட்டதும் தானாக மாட்டிக்கொண்டது; நன்றாக அழுத்தி இழுத்தால்தான் வந்தது.

"இதையும் போடுங்க மாமா. மறதிக்காரங்களுக்குன்னு சொன்னீங்களே."

மச்சினன் அசடு வழிந்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் தாழ்ப்பாளைக் கையில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள். 'டக், டக்' என்ற சத்தம் அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

சாமான் வண்டி வந்து இறக்கியதும் வேலை தொடங்கியது. அலமாரிக்காரருக்கு இரும்பு புதுசு. போல்ட்டை எந்தப் பக்கம் முறுக்குவது என்று தெரியும், எவ்வளவு முறுக்குவது என்று தெரியவில்லை. விரலெல்லாம் கறுத்துவிட்டது. மனைவி வந்து பார்த்தாள். கடையில் நடந்தது அதற்குள் தம்பி மூலமாக அவள் காதுக்கு வந்திருந்தது.

"ஒரு வாரமா என் பொண்ணு சரியாச் சாப்பிடல" என்றாள் கணவனிடம். திட்டியிருந்தால்கூட இந்த அளவுக்கு உறைத்திருக்காது.

மத்தியானம் சித்தியிடமிருந்து போன். அம்மா எடுத்தாள். "ஆமா, ஞாயித்துக்கிழமைதான்... ரயிலா? ஏத்தி விடறோம்... இல்ல, இப்ப வேலையா இருக்கா. சாயங்காலம் பேசச் சொல்றேன்." மகள் வலையை வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அலமாரிக்காரர் கட்டையை இழைப்பதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை.

வெயில் இறங்குவதற்குள் சட்டம் நின்றுவிட்டது. தரைவேலையும் கூரையும் நாளைக்கு. கதவை மாட்டியாயிற்று. அவர் தரையில் முட்டி போட்டு, சுவரில் காலையில் போட்ட சாக்பீஸ் கோட்டிலிருந்து கதவுச் சட்டத்துக்கு அளவை மாற்றினார். மனைவியின் தோள் உயரம். பென்சிலை எடுத்துக் குறி வைத்தார்.

"அங்க வேண்டாம்பா."

மகள் தாழ்ப்பாளோடு வந்து நின்றாள். அவர் வைத்த குறியைத் தாண்டி மேலே கொண்டுபோனாள். இன்னும் மேலே. தன் தலையையும் தாண்டியதும் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்தாள்.

"இங்க வைங்க."

"அவ்வளவு மேலயா?"

"கீழே இருந்தா கீரி நோண்டும்."

"அது சரி" என்றார் அவர். பிறகுதான் தோன்றியது. "அம்மாவுக்கு எட்டாதேம்மா."

"அம்மா எதுக்குத் திறக்கணும்?"

அவர் காதில் செருகிய பென்சிலை எடுக்கப் போய், அது கையிலேயே இருப்பதைப் பார்த்தார். அவள் காட்டிய இடத்தில் குறி வைத்தார். சந்தேகத்துக்கு அதன் மேலேயே இன்னொரு தடவை வைத்தார். அத்தனை வருஷத் தொழிலில் ஒரே இடத்தில் இரண்டு குறி அவர் வைத்ததே இல்லை.

"உங்க மேல கோபம் போகலப்பா" என்றாள் அவள், தாழ்ப்பாளை அசையாமல் பிடித்துக்கொண்டு.

"இருக்கட்டும்" என்றார். "பக்கத்துல இருந்தே கோபப்படு."

டிரில்லரை எடுத்துத் துளை போட்டார். இரும்புத் தூள் இருவர் கையிலும் கொட்டியது. வாஷர் வைத்து போல்ட்டை முறுக்கினார். அவள் தன் பங்குக்கு ஒரு முறுக்கு முறுக்கிப் பார்த்தாள். கதவைத் தள்ளியதும் 'டக்'. டீச்சரம்மா ஸ்கூட்டரிலிருந்து இறங்கி வந்து, கதவைச் சுற்றி நடந்து, குறை எதுவும் அகப்படாத எரிச்சலில் ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனது.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். "எங்க, நான் திறக்கிறேன் பார்க்கலாம்" என்று கையை நீட்டினாள். குதிகாலைத் தூக்கினாள். விரல் நுனி தாழ்ப்பாளைத் தொட்டது. ஸ்பிரிங்கை அழுத்தத்தான் முடியவில்லை.

"யாருங்க இவ்வளவு மேல வச்சது? காலையில என்னை நிக்க வச்சு அளவெடுத்தீங்களே, எனக்கு எட்டவே..."

பாதியில் நிறுத்திவிட்டாள். சுவரில் இருந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள். மகளுடைய உச்சந்தலையைப் பார்த்தாள். முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோய், பிறகு அதற்கு அவசியமில்லை என்பதுபோல் கீழே விட்டாள்.

உள்ளே போன் அடித்தது.

"சித்திதான். சாயங்காலம் பேசச் சொல்றேன்னு சொல்லியிருந்தேன்" என்றாள் அம்மா. "சரி, இதை அவகிட்ட யாரு சொல்றது?"

அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் குனிந்து, தரையில் சிதறிக் கிடந்த வாஷர்களைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.